கவுன்சிலிங் போகச் சொல்கிறீர்கள், சரி, யாரிடம் போவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் வரும் குடும்பக் கேள்வி-பதில் பகுதியை விடாமல் படிக்கிறவள் நான். கணவர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை, மாமியார் எல்லாவற்றிலும் தலையிடுகிறார், நிச்சயமான பிறகு மாப்பிள்ளை மேல் சந்தேகம் வருகிறது என்று யார் என்ன கேட்டாலும் பதில் கடைசியில் ஒரே இடத்தில்தான் போய் நிற்கிறது: நல்ல மனநல ஆலோசகரை இருவரும் சேர்ந்து சந்தியுங்கள். தப்பே இல்லை, நானும் அதைத்தான் சொல்கிறேன். திருச்சியில் குடும்ப வழக்குகள் நடத்தும் வக்கீல் நான்; விவாகரத்துக் கேட்டு வருகிறவர்களிடம் கவுன்சிலிங் போய்ப் பார்த்தீர்களா என்று கேட்காமல் மனு எழுத உட்காருவதில்லை. (வந்த கட்சிக்காரரைத் திருப்பி அனுப்புகிறாரே என்று என் ஜூனியர்களுக்கு இதில் வருத்தம் உண்டு.) ஆனால் நான் கேட்டவுடன் அவர்கள் திருப்பிக் கேட்பது, "யாரிடம் மேடம் போவது?" என்பதுதான். இதற்கு உங்கள் பகுதியில் பதில் இல்லை, நீதிமன்றத்திலும் இல்லை, மனசு விட்டுப் பேசுங்கள் என்று புத்தி சொல்லும் பெரியவர்களிடமும் இல்லை. அதனால்தான் இந்தக் கடிதம். நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். இடமில்லை என்று வெட்டினால் என் அபிப்பிராயங்களை வெட்டுங்கள், தொலைபேசி எண்களை மட்டும் வெட்டாதீர்கள்.

திருமண ஆலோசகர் என்று பலகை மாட்ட நம் நாட்டில் தனி உரிமம் எதுவும் வேண்டியதில்லை. இது பலருக்குத் தெரியாது, சொன்னால் நம்புவதும் இல்லை. அமெரிக்காவில் திருமண, குடும்ப சிகிச்சையாளர் என்பதற்கு ஒவ்வொரு மாநிலத்திலும் தனி லைசென்ஸ் இருக்கிறது. இங்கே பல வருடம் படித்துப் பயிற்சி எடுத்தவரும், ஆன்லைனில் வார இறுதி வகுப்பு ஒன்றை முடித்துச் சான்றிதழ் வாங்கியவரும் ஒரே தெருவில் ஒரே மாதிரிப் பலகை மாட்டலாம், ஒரே கட்டணமும் வாங்கலாம். கால் பவுன் தோடு வாங்கும்போதுகூட ஹால்மார்க் முத்திரையைத் தேடுகிறோம், இதில் மட்டும் யாரோ சொன்னார்கள் என்று போய் உட்கார்ந்துவிடுகிறோம்.

யார் யார் என்ன என்று கொஞ்சம் பிரித்துச் சொல்கிறேன். மனநல மருத்துவர் என்பவர் எம்.பி.பி.எஸ். முடித்து அதற்கு மேல் மனநலத்தில் எம்.டி. அல்லது டி.பி.எம். படித்த டாக்டர். மாத்திரை எழுதலாம். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் டாக்டர் அல்ல, மாத்திரை எழுதக் கூடாது. ஆனால் உளவியலில் முதுகலை முடித்து, அதற்கு மேல் மருத்துவமனைப் பயிற்சியோடு எம்.பில். மாதிரி ஒரு படிப்பும் முடித்து, இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பெயரைப் பதிந்திருக்க வேண்டும். ஆங்கிலத்தில் ஆர்.சி.ஐ. என்பார்கள், 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்தது. பதிவு எண் என்ன என்று நீங்கள் கேட்கலாம், அவர்களுடைய இணையதளத்தில் அந்த எண் உண்மையா என்று பார்க்கவும் செய்யலாம். கேட்டால் கோபித்துக்கொள்கிறவரிடம் போக வேண்டாம்.

மூன்றாவதாக ஒரு கூட்டம் இருக்கிறது, குழப்பமும் இங்கேதான். கவுன்சிலிங் சைக்காலஜியில் எம்.எஸ்சி. படித்தவர்கள், மருத்துவ மற்றும் மனநலச் சமூகப்பணியில் எம்.எஸ்.டபிள்யூ. படித்தவர்கள். சென்னை எழும்பூரில் 1952 முதல் நடக்கும் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க் மாதிரி இடங்களில் முறையாகப் படித்து வந்தவர்கள் இதில் இருக்கிறார்கள். அந்த எம்.எஸ்சி. பட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஆர்.சி.ஐ.யில் கிளினிக்கல் சைக்காலஜிஸ்டாகப் பதிய முடியாது என்பதால் அவர்களில் பலருடைய பெயர் அங்கே இருக்காது. அதற்காக அவர்களைப் போலி என்று சொன்னால் அது அநியாயம், ஏனென்றால் தம்பதிகளோடு உட்கார்ந்து பொறுமையாக வேலை செய்கிறவர்கள் இந்தக் கூட்டத்தில்தான் நிறைய. இவர்களையும் ஒரு பதிவேட்டுக்குள் கொண்டுவர 2021ல் மத்திய அரசு ஒரு சட்டம் போட்டது, தேசிய துணை மருத்துவ மற்றும் சுகாதாரத் தொழில் ஆணையச் சட்டம் என்று பெயர். அந்தப் பதிவேடு ஜனங்கள் கையில் போனைத் திறந்து பார்க்கிற அளவுக்கு வந்து சேரும்வரை, கேட்டுத் தெரிந்துகொள்ளும் வேலை நம்முடையதுதான்.

அப்புறம், நம் ஊரில் கவுன்சிலிங் என்ற பெயரில் வேறு சில காரியங்கள் நடக்கின்றன. ஒன்று மகளிர் காவல் நிலையம். 1992ல் சென்னை ஆயிரம் விளக்கில் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் வந்ததிலிருந்து, வீட்டில் சண்டை என்றால் அங்கேதான் என்று ஆகிவிட்டது. மனுவை வாங்கி ரசீது கொடுத்து, இரண்டு பக்கத்தையும் வரச் சொல்லி, இனிமேல் ஒழுங்காக இருப்போம் என்று எழுதி வாங்கி அனுப்புவார்கள். சில பெண் எஸ்.ஐ.க்கள் இதை எவ்வளவு பொறுமையாகச் செய்கிறார்கள் என்று நேரிலேயே பார்த்திருக்கிறேன், குறை சொல்ல மனம் வராது. ஆனால் அது போலீஸ் பயத்தில் நடக்கும் சமாதானம். ஸ்டேஷனில் தலையை ஆட்டிவிட்டு வந்தவர் பஸ் ஸ்டாண்ட் வரும் முன்பே, என்னைப் போலீஸ் வரைக்கும் இழுத்துவிட்டாயே என்று புதிதாக ஒன்றைத் தொடங்குவார்.

இன்னொன்று கோர்ட். குடும்ப நல நீதிமன்றங்கள் சட்டம் 1984, பிரிவு 9, சேர்ந்து வாழ வாய்ப்பிருந்தால் அதற்கு முயற்சி எடுப்பது நீதிமன்றத்தின் கடமை என்கிறது, ஆலோசகர்களை வைத்துக்கொள்ளவும் அதே சட்டத்தில் இடம் உண்டு. நல்ல ஏற்பாடுதான், ஆனால் அங்கே வந்து உட்காரும்போது இருவரும் ஒருவர் மேல் ஒருவர் பத்துப் பதினைந்து பக்கத்துக்குக் குற்றம் எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருப்பார்கள் (எழுதிக் கொடுத்தது எங்களைப் போன்றவர்கள்தான், கொடுமை என்று காட்ட வேண்டுமே). அதைப் படித்த பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் எப்படிப் பார்ப்பது? சமரச மையம் என்று ஒன்றும் இருக்கிறது, 2005ல் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் தொடங்கி இன்று மாவட்டம்தோறும் நடக்கிறது. அங்கே நடப்பது வேறு வேலை. நகை யாருக்கு, குழந்தை யாரிடம், ஜீவனாம்சம் எவ்வளவு, வாரத்தில் எந்த நாள் அப்பா வந்து பார்க்கலாம் என்பதை இருவரும் ஒத்துக்கொள்ளும் வடிவத்துக்குக் கொண்டுவருவது. உடைந்ததைச் சரிசெய்வது அவர்கள் பொறுப்பில் இல்லை, அங்கே போய் அதை எதிர்பார்த்து ஏமாந்தவர்கள் நிறையப் பேர்.

மனமொத்த விவாகரத்தில் முதல் மனுவுக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் 6 மாதம் வைத்திருக்கிறார்களே, அது யோசித்துப் பார்க்கத் தந்த அவகாசம். இனி சேரவே வழியில்லை என்றால் அதைக் காத்திருக்காமல் தள்ளிவிடலாம் என்று 2017ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அன்றிலிருந்து என்னிடம் வருகிறவர்கள் கேட்பதெல்லாம் அந்த 6 மாதத்தை எப்படிக் குறைப்பது என்றுதான். அந்த 6 மாதத்தில் என்ன செய்து பார்க்கலாம் என்று கேட்கிறவர் அபூர்வம்.

இனி உங்கள் பத்திரிகை விஷயத்துக்கு வருகிறேன், கோபப்படாதீர்கள். ஆலோசகரைப் பாருங்கள் என்று முடியும் அந்தப் பதிலுக்கு நாலு விரல் கீழே ஒரு விளம்பரம் வருகிறது: கணவன் மனைவி பிரச்சினை, வசியம், 24 மணி நேரத்தில் தீர்வு. அடுத்த பக்கத்தில் ஆண்மைக் குறைவா, இன்ன தேதியில் இன்ன ஊரில் இன்ன லாட்ஜில் நேரில் சந்திக்கலாம் என்று இன்னொன்று. அந்த லாட்ஜ் விளம்பரம் வெறும் ரசனைக் குறைவு அல்ல. மருந்து மற்றும் மாய சிகிச்சை ஆட்சேபகரமான விளம்பரங்கள் சட்டம் என்று 1954லேயே ஒன்று வந்து, உடலுறவுத் திறனைக் கூட்டும் என்று சொல்லி மருந்துக்கு விளம்பரம் செய்வதைத் தடை செய்திருக்கிறது. இதை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், கல்யாணமாகி ஒரு வருடம், இரண்டு வருடம் ஆகியும் உடலுறவே நடக்காத தம்பதிகள் என் அலுவலகத்துக்கு வருகிறார்கள், நீங்கள் நினைப்பதைவிட அதிகமாகவே வருகிறார்கள். பெண்ணுக்குப் பயத்தில் உடம்பு இறுகிப்போகும், ஆணுக்குப் பதற்றத்தில் முடியாமல் போகும். இரண்டுக்கும் வைத்தியம் இருக்கிறது, மகப்பேறு மருத்துவரோ சிறுநீரக மருத்துவரோ உடலைப் பார்த்துவிட்டு, மனநல மருத்துவரோ கிளினிக்கல் சைக்காலஜிஸ்டோ சில மாதம் இருவரோடும் உட்கார்ந்தால் நிறையப் பேருக்குச் சரியாகிற விஷயம். அதற்குப் பதிலாகப் பையன் யாருக்கும் தெரியாமல் லாட்ஜுக்குப் போய் ஆயிரக்கணக்கில் லேகியம் வாங்குகிறான், பெண்ணை அவளுடைய அம்மா மந்திரித்துக் கயிறு கட்டக் கூட்டிப் போகிறாள், கடைசியில் இரண்டு குடும்பமும் திருமணத்தைச் செல்லாததாக்கும் மனுவோடு என் எதிரில் உட்காருகின்றன, அதுவரை அந்த இரண்டு பேரும் தங்களுக்குள் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதே இல்லை.

கல்யாணத்துக்கு முந்தைய கவுன்சிலிங் என்றால் இன்னும் நம் வீடுகளில் புருவம் உயர்கிறது. கத்தோலிக்கர்களுக்கு இது புதிதல்ல. கோயிலில் ஓலை வாசிப்பதற்கு (கல்யாண அறிவிப்புக்கு) முன்போ பின்போ, திருமணத் தயாரிப்பு வகுப்புக்குப் போய்ச் சான்றிதழ் வாங்காமல் பங்குத்தந்தை மந்திரிக்க ஒத்துக்கொள்ள மாட்டார். பணம், பிள்ளைப்பேறு, சண்டை, மாமனார் மாமியார் என்று பாதிரியாரும் டாக்டரும் திருமணமான தம்பதிகளும் வந்து பேசுவார்கள். கூட்டமாக உட்கார்ந்து கேட்பதுதான், தனித்தனியாகப் பேசுவதற்கு ஈடாகாது, இருந்தாலும் ஒன்றுமே இல்லாததற்கு எவ்வளவோ தேவலை. மற்றவர்கள் பத்துப் பொருத்தம் பார்க்கிறோம், சம்பளச் சீட்டு பார்க்கிறோம், சொந்த வீடா என்று ஆள் விட்டு விசாரிக்கிறோம், மண்டபமும் கேட்டரிங்கும் பேசுகிறோம், கட்டிக்கப்போகிற இரண்டு பேரும் எங்கே குடியிருக்கப் போகிறார்கள் என்பதைக்கூட பேசுவதில்லை. மாப்பிள்ளையின் தங்கை கல்யாணக் கடன் யார் தலையில், பெண் சம்பளத்தில் அவள் அம்மா அப்பாவுக்குக் கொடுக்கலாமா, எப்போதாவது குடிப்பேன் என்றால் அது எத்தனை நாளைக்கு ஒருமுறை, பிள்ளை உடனேயா பிறகா, வெளிநாட்டு வேலை வந்தால் யார் யாரோடு போவது. இவை எல்லாமே பின்னாளில் என் மனுக்களில் பத்தி பத்தியாக வருகிற விஷயங்கள்.

முறையாகச் செய்கிற ஆலோசகர் இதை இருவரையும் சேர்த்து வைத்துச் சில முறை, தனித்தனியாக ஒரு முறையாவது பேசுவார். அந்தத் தனிப் பேச்சுத்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. எனக்கு இந்தக் கல்யாணத்தில் இஷ்டமே இல்லை, அப்பாவுக்காகத் தலையாட்டினேன் என்று ஒரு பெண்ணோ பையனோ வாய்விட்டுச் சொல்ல நம் ஊரில் வேறு இடம் எங்கே இருக்கிறது? ஆனால் இதை நிச்சயதார்த்தத்துக்குப் பிறகு வைத்தால் பிரயோஜனம் குறைவு. தட்டு மாற்றி, பத்திரிகை அடித்து, மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்த பிறகு யார் வேண்டாம் என்று சொல்வார்கள்? பூ வைப்பதற்கு முன்பே போய்விட வேண்டும். பையன் வீட்டில் கேட்டால் பெண்ணுக்கு ஏதோ குறை என்று நினைப்பார்களே, பெண் வீட்டில் கேட்டால் பையனைச் சந்தேகப்படுகிறார்கள் என்பார்களே என்ற தயக்கம் எனக்குப் புரிகிறது. இரண்டு வீடும் பாதிப் பாதி செலவு என்று பேசி, இரண்டு பேரும் போகிறார்கள் என்று முதலிலேயே சொல்லிவிட்டால் பேச்சு அவ்வளவு கசப்பதில்லை, நான் சொல்லிச் செய்தவர்கள் சொன்னது.

ஒரு கால்கட்டுப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு வைத்தியம் நம்மிடம் இருக்கிறதே, என்னிடம் வரும் வழக்குகளில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. பையன் குடிக்கிறான், கல்யாணம் பண்ணி வை. பெண் மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிறாள், மறைத்துக் கல்யாணம் பண்ணி வை. போன இடத்தில் மாத்திரையை வெளியே தெரியாமல் சாப்பிட முடியாமல் நிறுத்திவிடுவாள், மூன்றே மாதத்தில் நோய் முற்றி அந்த வீடு அவளைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போகும், பிறகு உண்மையை மறைத்து ஏமாற்றினார்கள் என்று வழக்கு. மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே நல்லபடியாகக் குடும்பம் நடத்துகிறவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள், முன்கூட்டியே சொல்லி, மருத்துவரைப் பையனிடம் ஒருமுறை பேசவைத்திருந்தால் இவளும் அப்படி இருந்திருப்பாள். அதேபோல ஆண்கள் மேல்தான் ஈர்ப்பு என்று சொன்ன மகனைக் கவுன்சிலிங்கில் மாற்றிக் கொடுங்கள் என்று கூட்டிப் போகிற பெற்றோரும் உண்டு. மாற்றித் தருகிறேன் என்று பணம் வாங்குகிற ஆலோசகர் ஏமாற்றுகிறார். 2021ல் சென்னை உயர் நீதிமன்றம் இதைத் தடை செய்யச் சொன்னது, மறு வருடம் தேசிய மருத்துவ ஆணையம் அப்படிச் செய்கிற டாக்டர் மேல் தொழில் ஒழுங்கீன நடவடிக்கை எடுக்கலாம் என்று அறிவித்தது. அந்த மகனுக்கு ஒரு பெண்ணைக் கட்டி வைத்தால் கெடுவது இரண்டு வாழ்க்கை. சாதி மாறிக் காதலித்த மகளின் மனதைத் திருப்பச் சொல்லி அழைத்துப் போவதும் இந்த ரகம்தான். 18 வயது முடிந்தவளிடம் அவள் சம்மதமில்லாமல் எந்த ஆலோசகரும் பேச உட்காரக் கூடாது.

சரி, போனில் முதல் தடவை பேசும்போது என்ன கேட்பது? என்ன படித்தீர்கள், எங்கே பயிற்சி, பதிவு எண் உண்டா, இதை முதலில் கேளுங்கள். உங்களிடம் வருகிறவர்களில் தம்பதிகள் எவ்வளவு என்று கேளுங்கள், ஏனென்றால் ஒருவரோடு பேசுவதும், ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டிருக்கும் இருவரோடு பேசுவதும் வேறு வேறு திறமை, பள்ளிப் பிள்ளைகளுக்கு அருமையாக ஆலோசனை சொல்கிறவர் இதில் திணறலாம். தனியாக நான் சொல்வதை அவரிடம் சொல்வீர்களா என்று கண்டிப்பாகக் கேளுங்கள். சிலர் தனியாகக் கேட்ட ரகசியத்தைக் காப்போம் என்பார்கள், சிலர் எனக்குத் தெரிந்தது இருவருக்கும் தெரிந்ததாகத்தான் வைத்துக்கொள்வேன் என்பார்கள். இரண்டில் எதுவும் தப்பில்லை, உட்காரும் முன்பே தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். மொழியையும் கேட்டுவிடுங்கள். தமிழில் சண்டை போடுகிற இரண்டு பேர் இங்கிலீஷில் சமாதானம் பேசுவது நடக்காத காரியம், ஆன்லைன் ஆட்கள் பலர் இங்கிலீஷிலேயே ஓட்டுகிறார்கள்.

கட்டணம், தனியாரிடம் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரத்துக்கு 1,000 முதல் 2,500 ரூபாய் என்று கேள்விப்படுகிறேன், சென்னையில் அதற்கு மேலும் உண்டு. ஒரே நாளில் முடிகிற வேலையும் அல்ல, வாரம் ஒருமுறையோ இரண்டு வாரத்துக்கு ஒருமுறையோ சில மாதம் போக வேண்டியிருக்கும். நோய்க்கான சிகிச்சை அல்ல என்பதால் இன்ஷூரன்ஸில் பொதுவாக வராது. பெரிய ஐ.டி. கம்பெனிகளில் ஊழியர் நலத் திட்டத்தில் சில அமர்வுகளை இலவசமாகத் தருகிறார்கள், மேலிடத்துக்குத் தெரிந்துவிடும் என்ற பயத்தில் பலர் அதைத் தொடுவதே இல்லை. ரகசியம் காப்பது எப்படி என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு பயன்படுத்தலாம்.

எந்த இடத்தில் எழுந்து வந்துவிட வேண்டும் என்பதையும் சொல்ல வேண்டும். நூற்றுக்கு நூறு சேர்த்து வைப்பேன் என்கிறவர், முதல் நாளே முப்பதாயிரம் பேக்கேஜ் கட்டச் சொல்கிறவர், போன வாரம் வந்த ஜோடியின் கதையை உங்களிடம் சொல்கிறவர் (உங்கள் கதை அடுத்த வாரம் யாருக்கோ), டாக்டர் இல்லாமல் மாத்திரை கொடுக்கிறவர், பொம்பளைதான் அனுசரித்துப் போகணும் என்று தொடங்குகிறவர், உங்களிடம் கேட்காமல் உங்கள் மாமனாருக்குப் போன் போடுகிறவர். நடுநிலை என்பது இருவரையும் சமமாகத் திட்டுவது அல்ல என்றாலும், இரண்டு மூன்று தடவைக்குப் பிறகும் ஒருவர் மட்டுமே குற்றவாளிக் கூண்டில் நிற்பதாகத் தோன்றினால் அதை அவரிடமே சொல்லுங்கள், பதிலைப் பார்த்து முடிவெடுங்கள். இன்னொரு வகை வேறு. ஆலோசகரையே சாட்சியாக்கப் பார்க்கிற கட்சிக்காரர்கள். என் மனைவிக்கு மனநோய் என்று ஒரு லெட்டர் எழுதி வாங்கித் தாருங்கள், கேஸுக்கு உதவும் என்பார்கள். மனைவியைப் பார்க்காமலே, அல்லது பிரச்சினை தீர்க்கலாம் வா என்று ஏமாற்றிக் கூட்டி வந்து பேச வைத்து, அப்படி ஒரு கடிதம் எழுதித் தருகிற ஆலோசகர் தொழிலுக்கே துரோகம் செய்கிறார். என் மேஜைக்கு அப்படிக் கடிதம் வந்தால் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

எனக்கென்ன பைத்தியமா, நீ போ என்று கணவர் மறுத்தால்? (மனைவி மறுப்பதும் உண்டு, குறைவு.) தனியாகவே போகலாம். சேர்த்து வைக்க முடியாவிட்டாலும், இந்தச் சண்டையில் தன் பங்கு எது, தாங்க முடியாதது எது என்று ஒருவருக்காவது தெளியும், பல வீடுகளில் அதைப் பார்த்த பிறகுதான் மற்றவர் வருகிறார். போகும்போது அம்மாவையோ அக்காவையோ உள்ளே கூட்டிப் போகாதீர்கள், வாசலிலும் உட்கார வைக்காதீர்கள். கூட்டுக்குடும்பத்தில் இருந்துகொண்டு ஆன்லைனில் பேசுகிறவர்களுக்கு இது பெரிய தொல்லை, சிலர் காரைத் தெருமுனையில் நிறுத்தி அதற்குள் உட்கார்ந்து பேசுகிறார்கள், அது போதும். சொந்த ஊரில் யாராவது பார்த்துவிடுவார்கள் என்றால் அடுத்த ஊருக்குப் போங்கள். திருச்சிக்காரர்கள் தஞ்சாவூருக்கும் மதுரைக்கும் போகிறார்கள், அங்கிருந்து இங்கே வருகிறார்கள்.

மேலே சொன்ன எல்லாவற்றுக்கும் ஒரு விதிவிலக்கு, தயவுசெய்து இதை மட்டும் சின்ன எழுத்தில் போடாதீர்கள். வீட்டில் அடி இருந்தால் இருவரும் சேர்ந்து போகும் கவுன்சிலிங் வேண்டாம். பயம் இருக்கும் இடத்தில் பேச்சு நடக்காது, ஆலோசகர் முன்னால் உண்மையைச் சொன்னதற்கு அன்று ராத்திரியே அடி வாங்கிய பெண்களை எனக்குத் தெரியும். 2019-21ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் சுமார் 38 சதவீதம் பேர் கணவரின் வன்முறையை அனுபவித்ததாகச் சொல்லியிருக்கிறார்கள், அப்படியானால் உங்கள் பகுதிக்குக் கேள்வி எழுதுகிற பெண்களிலும் அவர்கள் இருக்கத்தான் செய்வார்கள். அவர்களுக்கு முதலில் வேண்டியது பாதுகாப்பு. 181 பெண்கள் உதவி எண், மாவட்ட சமூக நல அலுவலகத்தில் இருக்கும் பாதுகாப்பு அலுவலர், ஒருங்கிணைந்த சேவை மையம், 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம். அந்தச் சட்டத்தின் 14ஆவது பிரிவில் மாஜிஸ்திரேட் கவுன்சிலிங்குக்கு அனுப்பலாம், சேர்த்தும் அனுப்பலாம், தனித்தனியாகவும் அனுப்பலாம். தனியாகத்தான் போவேன் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு, வக்கீல் சொல்லாவிட்டாலும் நீங்களே கேளுங்கள். குடி இருந்தாலும் அப்படித்தான், முதலில் குடிக்கு வைத்தியம். சென்னையில் 1980 முதல் இருக்கும் டி.டி.கே. மருத்துவமனையில் குடிக்கிறவரோடு குடும்பத்தாருக்கும் சேர்த்தே சிகிச்சை நடக்கிறது, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவிலும் குடி நிறுத்தச் சிகிச்சை உண்டு. குடித்துவிட்டு வந்து உட்காருகிறவரோடு எந்த ஆலோசகராலும் ஒன்றும் செய்ய முடியாது.

காசு இல்லாதவர் எங்கே போவது என்ற கேள்விக்குத்தான் என்னிடம் நல்ல பதில் இல்லை. 14416, டெலி மானஸ் என்ற மனநல உதவி எண், 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கியது, இலவசம், ராத்திரியிலும் தமிழிலேயே பேசலாம், முதல் பேச்சுக்கு அது உதவும், எங்கே போகலாம் என்றும் சொல்வார்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. ஆனால் காலை நேரத்தில் அங்கே போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும், வாசல் வரை நிற்கிற நோயாளிகளை ஒன்றிரண்டு டாக்டர்கள் பார்த்தாக வேண்டும், ஒரு தம்பதியை ஒரு மணி நேரம் உட்கார வைத்துக் கேட்க அவர்களுக்கு நேரம் கிடையாது. வாரத்தில் ஒரு மதியம் தம்பதிகளுக்கு மட்டும் என்று ஒதுக்கி, சமூகப்பணியும் உளவியலும் படித்தவர்களை அங்கே நியமிக்கலாம், அதற்கு ஆட்களைத் தேடி வெளி மாநிலம் போக வேண்டாம், வருடாவருடம் நம் கல்லூரிகளில் படித்துவிட்டு வேலையில்லாமல் வெளியே வருகிறார்கள். இன்னொன்றும் செய்யலாம். 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி தமிழ்நாட்டில் எல்லாத் திருமணத்தையும் 90 நாளுக்குள் பதிய வேண்டும், அதற்கு மேலும் கால அவகாசம் தருகிறார்கள். சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் புதுத் தம்பதிகள் எப்படியும் வந்துதான் ஆக வேண்டும். அந்த மாவட்டத்தில் தகுதி சரிபார்த்த ஆலோசகர்களின் பட்டியலும் உதவி எண்களும் இருக்கிற ஒரு தாளை அங்கே கையில் கொடுக்க என்ன செலவாகிவிடும்? கட்டாயம் ஆக்கச் சொல்லவில்லை. கட்டாயமாக்கினால் சான்றிதழ் விற்கிற கடைகள்தான் மறுநாள் முளைக்கும்.

உங்களிடம் கேட்பது இரண்டு. அந்தக் கேள்வி-பதில் பகுதிக்கு அடியில் ஒரு சின்னப் பெட்டியில் 14416, 181, ஆர்.சி.ஐ. பதிவு எண்ணைச் சரிபார்க்கும் முறை, இவை வாராவாரம் வரட்டும். அந்த லாட்ஜ் விளம்பரங்களை நிறுத்துங்கள். வருமானம் போகும் என்பது தெரியாமல் கேட்கவில்லை.

கடிதத்தை வெளியிட்டால் வழக்கறிஞர், திருச்சி என்று மட்டும் போட்டால் போதும். பெயரும் நம்பரும் வேண்டாம், போன் செய்கிறவர்கள் ஆலோசகர் பெயரைக் கேட்பார்கள், நம்பி அனுப்பலாம் என்று என்னிடம் இருக்கும் பெயர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம், அவர்களிடமும் அப்பாயின்ட்மென்ட் கிடைக்க ஒரு மாதம் ஆகிறது.

இப்படிக்கு,
வழக்கறிஞர், திருச்சி